சுவரா, வரிசையா, சதுரமா: மலையகப் பாடசாலை வலைப்பந்து அணிக்கு எந்தப் பயிற்சி?

பாடசாலை பிற்பகல் 1.30 மணிக்கு விடுகிறது. தூரத்து டிவிஷன்களுக்கு (தோட்டப் பிரிவுகளுக்கு) போக வேண்டிய பிள்ளைகள் 3 மணி பஸ்ஸைத் தவறவிட்டால், தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதையில் மழையோடு நடந்துதான் வீடு சேர வேண்டும். ஆகவே டிக்கோயாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் 15 வயதுக்குட்பட்ட பெண்கள் வலைப்பந்து அணிக்கு நான் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய நாள்முதல் எனக்குக் கிடைத்துவருவது கிழமைக்கு 2 நாள், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் மட்டுமே. உடலைச் சூடாக்குவதும், வளையத்துக்கு எறிந்து பழகுவதும், கடைசியில் ஆட்டமாக விளையாடிப் பார்ப்பதும் போக, பந்தைப் பிடிக்கவும் அனுப்பவும் கையைப் பழக்குவதற்கென்று 25 நிமிடம் மிஞ்சும். 14 பிள்ளைகள், 4 பந்துகள், ஆடுகளத்தில் பாதியளவு சீமெந்துத் தரை ஆகியவையே என்னிடம் உள்ளவை. இவற்றைக் கொண்டு அந்த 25 நிமிடத்தை எந்தப் பயிற்சிக்குக் கொடுப்பது என்பதை, இதே நிலையிலுள்ள மற்ற பாடசாலைகளின் பயிற்றுநர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில், இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

வலைப்பந்தில் கைப்பழக்கத்துக்கு ஏன் இத்தனை இடம் கொடுக்க வேண்டும் என்பதை விதிகளே சொல்லிவிடுகின்றன. பல நாடுகளின் பிரதிநிதிகள் 1960இல் நம்முடைய இலங்கையில்தான் கூடி விதிகளை ஒருமைப்படுத்தினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரியும். கூடைப்பந்தில் போலப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவதற்கு இந்த ஆட்டத்தில் வழியில்லை. பந்தைப் பிடித்தபோது முதலில் ஊன்றிய காலைத் தூக்கலாமே தவிர, அதை மீண்டும் தரையில் வைப்பதற்கு முன் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். எவ்வாறாயினும் 3 வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பிடித்த பந்தை நழுவவிட்டுத் தானே மறுபடி எடுத்துக்கொள்ளவும் இடமில்லை. எதிரணிப் பிள்ளை விதித்த தூரம் தள்ளி நின்று கையை உயர்த்தி மறைக்கலாம். 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் உள்ள ஆடுகளம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒரு முழுப் பகுதியை யாரும் தொடாமல் பந்து தாண்டக் கூடாது என்றும் இருப்பதால், நடுவட்டத்திலிருந்து எறியப்படும் பந்து சில கைகள் மாறியே வளையத்தை அடைகிறது. அந்தக் கைகளில் ஒன்று பிசகினாலும் அதுவரை பட்ட பாடு எதிரணிக்குப் போய்விடும்.

எனக்கு முன்னிருந்த தெரிவுகள் மூன்று. முதலாவது, சுவருக்கு 3 மீற்றர் தள்ளி நின்று எறிந்து, திரும்பி வருவதைப் பிடிப்பது. இரண்டாவது, இரண்டு வரிசைகள் எதிரெதிரே நின்று, எறிந்த பிள்ளை எதிர்வரிசையின் பின்னால் ஓடிச் சேர்வது. நாங்கள் பாடசாலையில் படித்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி இது ஒன்றுதான். மூன்றாவது, 5 மீற்றர்ச் சதுரமொன்றில் மூவர் பந்தைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டிருக்க, நடுவில் நிற்கும் ஒருத்தி அதை மறிக்கப் பார்ப்பது. இடுப்பைச் சுற்றியும் காலிடையேயும் பந்தைச் சுழற்றும் பயிற்சிகளும் உள்ளன. அவை விரலுக்கு நல்லவைதாம். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் செய்யக்கூடியவை என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். சுவர்ப் பயிற்சியில் எறிந்து பிடிக்க 2 வினாடி போதும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பந்து 10 நிமிடத்தில் 300 முறை கைக்கு வரும். 4 பந்துகளை 14 பேர் முறைவைத்துப் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 85 பிடிகள். இரண்டு வரிசைகளில் ஏழேழு பேராக நிறுத்தி ஒரே பந்தைக் கொடுத்து, ஒரு எறிக்கு 3 வினாடி என்று கணக்கிட்டால், அதே 10 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 14 பிடிகள் மட்டுமே. மீதி நேரமெல்லாம் அவள் முன்னே நிற்பவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 4 பந்துகளைக் கொண்டு நான்கு சிறு குழுக்களாக வரிசையைப் பிரித்தால் இது 57 வரை உயரும். சதுரத்தில் பந்து அடிக்கடி மறிக்கப்பட்டும் வெளியே போயும் நேரம் கழிவதால் ஒரு எறிக்கு 4 வினாடி என்று வைக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் ஒருத்திக்கு 37 அல்லது 38 பிடிகள் வரும். எண்ணிக்கை ஒன்றையே பார்த்தால் சுவருக்கு நிகரில்லை.

ஆனால் இந்தக் கணக்கு சமதரையில் போடப்பட்டது. எங்கள் முற்றத்தின் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துக்கும் முற்றத்துக்கும் இடையில் இருப்பது ஒரு கான் (வடிகால்) மட்டுமே, அதற்கப்பால் தேயிலை. சமவெளிப் பாடசாலையில் பிடிதவறிய பந்து பத்தடி உருண்டு நிற்கும். இங்கே அது கானைத் தாண்டி மூன்று நிரை தேயிலைக்குக் கீழே போய்த்தான் நிற்கும். அதைத் தேடி எடுத்துவரும் பிள்ளை, மழைக்காலமாயின், காலில் இரண்டு அட்டைகளோடு வந்து சேர்வாள். ஒரு தவறுக்கு ஒன்றரை நிமிடம் என்று ஆகிவிடும்போது, எந்தப் பயிற்சியில் பந்து எந்தத் திசையில் தவறும் என்பதும் கணக்கில் சேர்கிறது. சுவரில் பந்து தவறினால் பிள்ளையின் முதுகுப் பக்கமாகப் போகும். ஆகவே பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்கும்படியான சுவர் பயன்படாது. வரிசைகளை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக அமைத்தால் தவறிய ஒவ்வொரு பந்தும் தேயிலைக்குள் போகும். சரிவுக்குக் குறுக்காக அமைத்தால் பாதிக்கு மேல் தப்பும். சதுரத்தில் பந்து எந்தப் பக்கமும் தெறிக்கலாம் என்பதால், அதை மேட்டுப் பக்கத்து மண்சுவரை ஒட்டி அமைப்பதே நல்லது. இந்த ஒழுங்குகளைச் செய்துகொண்ட பின் மூன்று பயிற்சிகளிலும் இழக்கும் நேரம் ஏறத்தாழச் சமமாகிவிட்டது என்றாலும், முதல் மாதத்தில் இவை எதையும் யோசிக்காமல் பயிற்சியின் கணிசமான பகுதியைத் தேயிலைக்குள்ளேயே செலவழித்தோம்.

சுவரின் நன்மை எண்ணிக்கையோடு முடிவதில்லை. புதிதாக வரும் பிள்ளை பந்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்கிறாள், அல்லது விரல்களை நேரே நீட்டி வாங்கி விரல்நுனியை அடிபடவைத்துக்கொள்கிறாள். 69 முதல் 71 சென்ரிமீற்றர் சுற்றளவும் 400 முதல் 450 கிராம் எடையும் உள்ள முழு அளவுப் பந்து, சிறிய கைகளுக்கு உண்மையிலேயே பெரியது. தான் எறிந்த வேகத்திலேயே அது திரும்பிவரும் என்பது தெரிந்திருப்பதால், சுவருக்கு முன்னால் அந்தப் பயம் இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது. விரல்களை விரித்து, கட்டைவிரல்கள் இரண்டும் பந்தின் பின்னால் ஒன்றையொன்று நெருங்க, உள்ளங்கையில் படாமல் வாங்கி, முழங்கையை மடித்து நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும் அந்த ஒரே அசைவை நூறு தடவை திருப்பிச் செய்ய வேறெந்தப் பயிற்சியும் இடம்தராது. இதற்குப் பூசி மெழுகிய சுவரைவிட, தோட்டத்துப் பாதையோரங்களில் மண்சரிவைத் தடுக்கக் கட்டிய கருங்கற் கட்டு மேலானது என்பது என் அனுபவம். கல்லின் மேடுபள்ளத்தில் பட்டுப் பந்து எதிர்பாராத பக்கம் தெறிப்பதால் பிள்ளையின் கால் தானாகவே நகரப் பழகுகிறது. பந்தின் மேற்பரப்பிலுள்ள சிறு புள்ளிகள் விரைவில் தேய்ந்து வழுக்கத் தொடங்கும் என்பதால், பழைய பந்தை மட்டுமே அதற்குக் கொடுக்க வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் மட்டும் எறிய வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இரவு முழுவதும் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்தவர்கள் பகலில் அந்தச் சுவருக்கு அப்பால்தான் தூங்குகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் சுவரால் கற்பிக்க முடியாத ஒன்று உண்டு. அதுதான் எங்கள் ஆட்டத்தை இழக்கவைத்தது. வலய மட்டத்தில் தோற்ற ஒரு போட்டிக்குப் பிறகு, அடுத்த ஆட்டங்களில் நாங்கள் பந்தை இழந்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கத் தொடங்கினேன். கையில் பட்டு நழுவியவை நான் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தன. ஆளில்லாத இடத்துக்கு எறிந்தவை, எதிராளியின் நீட்டிய கையிலேயே கொடுத்தவை, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் 3 வினாடியைக் கடந்து வைத்திருந்தவை ஆகியவையே மிகுதி. சுவர் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது, எதிர்ப்பதில்லை, பந்தைக் கேட்பதுமில்லை. சுவரோடு பழகிய பிள்ளை பந்தை அழகாகப் பிடிப்பாள். பிடித்த பின்பே தலையை உயர்த்தி ஆளைத் தேடுவாள். கொழுந்தெடுக்கும் அம்மாமாரைக் கவனித்தவர்களுக்கு இந்தக் குறை உடனே விளங்கும். கை ஒரு மரத்தில் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும்போதே அவர்களின் கண் அடுத்த மரத்துக்குப் போய்விட்டிருக்கும். இதைச் சொன்ன அன்று ஒரு பிள்ளை, “அப்படியென்றால் எங்கள் அம்மா நல்ல சென்டராக இருப்பா, மிஸ்” என்றாள். சென்டர் என்பது நடுவட்டத்திலிருந்து பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்குபவள். அவள் சொன்னது முற்றிலும் சரி. நான் கற்பிக்க விரும்புவது அந்தக் கண்ணைத்தான்.

வரிசைப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே பார்வையில் எல்லாரையும் கண்காணிக்கலாம். நெஞ்சு மட்டத்தில் அனுப்புவதையும், தோளுக்கு மேலாக ஒரு கையால் நீளமாக எறிவதையும், தரையில் ஒரு முறை குதிக்கவிட்டுக் கொடுப்பதையும் ஒவ்வொன்றாகக் காட்டித் திருத்தலாம். ஓடிவந்து பிடித்து நிற்கும்போது எந்தக் கால் முதலில் ஊன்றுகிறது என்பதையும் இங்குதான் தெளிவாகப் பார்க்க முடியும். ஆனால் யாரிடமிருந்து பந்து வரும், யாருக்குப் போகும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருப்பதால் பிள்ளை எதையும் தெரிவுசெய்வதில்லை. சுவரைப்போல எண்ணிக்கையும் இல்லை, சதுரத்தைப்போல எதிர்ப்பும் இல்லை. பாடசாலை முழுவதும் பார்க்க ஒழுங்காகத் தெரிகிறது என்பதால்தான் இது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சதுரத்தின் சிறப்பு அதன் வெற்று மூலையில் இருக்கிறது. நான்கு மூலைகளில் மூன்றில்தான் ஆளிருப்பார்கள். குறுக்காக எறியக் கூடாது, பக்கத்து மூலைக்கு மட்டுமே கொடுக்கலாம் என்று விதித்துவிட்டால், பந்து வைத்திருப்பவளின் இரு பக்க மூலைகளிலும் ஆள் இருக்க வேண்டும் என்பது மற்ற இருவரின் கடமையாகிவிடும். பந்து கைமாறிய கணமே யாரோ ஒருத்தி வெற்று மூலைக்கு ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் பந்து வைத்திருப்பவளுக்கு ஒரு வழி அடைபடும், நடுவில் நிற்பவள் மற்ற வழியை மறித்துவிடுவாள். பந்து வருவதற்கு முன்பே சுற்றிப் பார்ப்பது, கொடுப்பதுபோலக் காட்டி மறுபக்கம் கொடுப்பது, பிடிக்கும்போதே உடலை அடுத்த பக்கம் திருப்பிவைத்துக்கொள்வது ஆகியவற்றை நான் ஒரு சொல்லும் சொல்லாமல் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதல்ல. நடுவில் நிற்பவளும் வீணாக நிற்பதில்லை. தள்ளி நிற்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதை அவள் கால் பழகிக்கொள்கிறது; எறிபவளின் கண்ணைப் பார்த்துப் பந்து போகும் பக்கத்தை ஊகிக்கவும் கற்கிறாள். 37 பிடிகள்தாம் என்றாலும், அவற்றில் ஒவ்வொன்றும் ஆட்டத்தில் வரும் பிடியைப் போன்றது.

குறைகளும் இருக்கின்றன. பந்தைக் கண்டு இன்னும் பயப்படும் பிள்ளையைச் சதுரத்துக்குள் விட்டால் அவள் மேலும் ஒடுங்கிப்போவாள். பிடிப்பதே தெரியாதவளுக்கு யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க மனம் மிஞ்சாது. அவசரத்தில் பழைய தவறான கைப்பிடி திரும்பி வருகிறது. அதைத் திருத்தப் பயிற்றுநருக்கு நேரமும் இருப்பதில்லை. மூன்று சதுரங்கள் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஒருவரால் மூன்றையும் பார்க்க முடியாது. பந்தை இழந்தவள் நடுவுக்கு வர வேண்டும் என்ற வழக்கமான விதியை நானும் முதலில் வைத்திருந்தேன். அதனால் பலவீனமான பிள்ளை முழு நேரமும் நடுவிலேயே நின்று, பந்தைத் தொடவும் கிடைக்காமல், எல்லார் முன்னிலையிலும் வெட்கப்பட்டாள். அவள் இரண்டு கிழமை பயிற்சிக்கு வரவில்லை. அந்த விதியை நான் வைத்திருக்கவே கூடாது.

உயரமும் இந்தத் தெரிவைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரமானவர். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இலங்கை வெற்றிபெற்றபோது அவர் அணியில் இருந்தார். 3.05 மீற்றர் உயரத்திலுள்ள வளையத்துக்கு அடியில் அப்படியொருவர் நின்றால், எதிராளிகளின் கைகளுக்கு மேலாக உயர்த்தி எறிவதே அணிக்கு முதல் வழியாகும். அதற்கு நீள எறியை வரிசையில் நின்று திரும்பத் திரும்பப் பழகுவது பொருத்தமே. எங்கள் அணியில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே உயரம், உயரமென்று சொல்லத்தக்க ஒருவரும் இல்லை. தட்டையாக, வேகமாக, குறுகிய தூரத்தில் பந்தை மாற்றிக்கொண்டு, எதிராளி திரும்புவதற்கு முன் அடுத்த கைக்குப் போய்விடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. அந்த ஆட்டத்தின் சிறிய வடிவம்தான் சதுரம்.

இவற்றையெல்லாம் பார்த்து நான் எடுத்த முடிவு, பழகிய அணிக்கு 25 நிமிடத்தில் 15 நிமிடத்தைச் சதுரத்துக்கும், 7 நிமிடத்தைச் சுவருக்கும், மீதி 3 நிமிடத்தை அன்று திருத்த வேண்டிய ஒரேயொரு எறிமுறையை வரிசையில் காட்டுவதற்கும் கொடுப்பதாகும். புதிய பிள்ளைகள் மிகுதியாக உள்ள அணியாயின் முதல் இரண்டு கிழமைக்கு இதைத் தலைகீழாக்கி, 15 நிமிடத்தைச் சுவருக்குக் கொடுக்க வேண்டும். 20 பிடிகளில் ஒன்றையும் நழுவவிடாத நிலைக்கு வந்தவளை மட்டும் சதுரத்துக்குள் எடுக்கலாம். ஒரே பந்து மட்டும் உள்ள பாடசாலைக்கு என் முடிவு பொருந்தாது. அங்கே மலிவான ரப்பர்ப் பந்துகள் இரண்டு மூன்றை வாங்கிச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, உண்மையான பந்தை ஒரு சதுரத்துக்கு வைத்து, குழுக்களை 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே தகும். பந்து வாங்கப் பணம் வரும்வரை காத்திருந்து வரிசையிலேயே காலத்தைக் கழிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மழை வந்தால் நிலைமை மாறும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் ஆண்டின் கடைசி மாதங்களிலும் சீமெந்துத் தரை நாட்கணக்கில் காயாது. ஈரத்தரையில் ஓடித் திரும்ப வேண்டிய சதுரம் காலுக்கு ஆபத்து. அந்த நாட்களில் 25 நிமிடத்தையும் மண்டபத்துச் சுவருக்கே கொடுத்துவிட வேண்டும். மழையில்லாத ஈரநாளில் பந்தைத் துடைக்க உலர்ந்த துணியொன்று ஒவ்வொரு குழுவிடமும் இருக்கட்டும். குளிரில் விறைத்த விரல்கள் மடங்காமல் அடிபடும் என்பதால், எந்தப் பயிற்சிக்கும் முன்பு உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கவும், நகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவும் ஒரு நிமிடம் ஒதுக்குகிறேன்.

சதுரத்துக்குள் இப்போது யாரும் தவறுக்காக நடுவுக்குப் போவதில்லை. 14 பேரில் 12 பேர் மூன்று சதுரங்களில், மிஞ்சிய இருவர் நான்காவது பந்தோடு சுவரில். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அந்த இருவரும் உள்ளே வர வேறு இருவர் வெளியே போகிறார்கள். நடுவில் நிற்பது ஒவ்வொருத்திக்கும் 40 வினாடி. அதற்குள் எத்தனை பந்தைத் தொட்டாள் என்பதை மட்டும் எண்ணுகிறோம். கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்த 40 வினாடியை உரக்கச் சொல்வது, அன்று கால் சுளுக்கியோ காய்ச்சலோடோ வந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வேலை.